எல்லாவற்றுக்கும் ‘நடுநிலை’ போதுமா?

அனைவருக்கும் வணக்கம். ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழில் கலைச்சொல் பட்டியல் போடும் நம் குழுவில் வந்த கேள்வி இது:

> ஃபேர்னஸ் (fairness), இம்பார்ஷியல் (impartial), நியூட்ரல் (neutral), அன்பயஸ்டு (unbiased) எல்லாவற்றுக்கும் ‘நடுநிலை’ என்றே போட்டுவிடலாமே? திருக்குறளிலேயே இருக்கிறதே.

திருக்குறளில் இருப்பது நடுவுநிலைமை. இன்றைய நடுநிலை வேறு பக்கம் போய்விட்டது. சுவிட்சர்லாந்தை நடுநிலை நாடு என்கிறோம், யாரோடும் சேராது என்ற பொருளில். அது நியூட்ரல். நீதிபதி அப்படி ஒதுங்கி நிற்க முடியாது, யாராவது ஒருவர் பக்கம் தீர்ப்புச் சொல்லியே ஆக வேண்டும். சொன்ன பிறகும் அவர் இம்பார்ஷியல்தான். ஒன்றுக்கு நடுநிலை, மற்றதற்கு நடுவுநிலை என்று பிரிக்கலாம் என்றால், அந்த ‘வு’வைப் படிப்பவர் எழுத்துப்பிழை என்றே நினைப்பார். இலங்கைச் செய்தித்தாள்களில் ‘பக்கச்சார்பற்ற விசாரணை’ சாதாரணமாக வருகிறது. இம்பார்ஷியலுக்கு அதையே எடுத்துக்கொள்ளலாம்.

பயஸ்தான் (bias, ஒரு பக்கமாகச் சாய்தல்) சிக்கல். ‘சார்பு’ என்று தனியாகப் போட்டால் கணக்குப் பாடத்தில் அது ஃபங்ஷன் (function). ‘சாய்வு’ ஸ்லோப் (slope). புள்ளியியல் கட்டுரையில் இரண்டுமே குழப்பும். தலைக்கும் பூவுக்கும் ஒரே வாய்ப்புள்ள அன்பயஸ்டு நாணயத்தை, தமிழ்நாட்டுப் பாடநூலில் ‘சீரான நாணயம்’ என்று சுண்டுகிறார்கள். நல்ல சொல்தான், ஆனால் எதிர்ச்சொல்லுக்குப் போனால் ‘சீரற்ற’ என்றாகும். அதை ஏற்கெனவே ரேண்டமுக்கு (random, தற்செயலானது) பலர் புழங்குகிறார்கள். இலங்கைப் பாடநூலில் அதே நாணயம் ‘கோடாத நாணயம்’. எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது. “சமன்செய்து சீர்தூக்குங் கோல்போல் அமைந்தொருபால் கோடாமை சான்றோர்க் கணி” என்ற 118ஆம் குறளில் பேச்சே தராசுக்கோலைப் பற்றித்தான். அளவைக் கருவி ஒரு பக்கம் சாயாமல் இருப்பதைச் சொல்ல இதைவிடப் பொருத்தமாக வேறென்ன வேண்டும்?

பெயர்ச்சொல்லுக்கு அடுத்த குறளிலேயே சொற்கோட்டம், உட்கோட்டம் என்று வருகிறது. ஆனால் இன்று உட்கோட்டம் என்றால் டி.எஸ்.பி. அலுவலகம்தான் நினைவுக்கு வரும். ‘தரவுக் கோட்டம்’ என்று எழுதினால் வருவாய்க் கோட்டம்போல இன்னொரு அரசுப் பிரிவு என்று நினைப்பார்கள். அதனால் ‘கோணல்’ என்றே வைப்போம். தரவுக் கோணல், மாதிரிக் கோணல். கோடு, கோணு இரண்டும் உறவுச் சொற்கள்தான். கொச்சையாக இருக்கிறது என்று சிலர் முகம் சுளிக்கலாம், எனக்கு அது குறையாகப் படவில்லை.

சரி, ஃபேர்னஸ். இதைக் கோடாமையோடு ஒன்றாக்கக் கூடாது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. அமெரிக்காவில் கைதானவர் மறுபடி குற்றம் செய்வாரா என்று மதிப்பெண் போடும் காம்பஸ் என்ற மென்பொருளை, ஃபுளோரிடாவின் பிரவார்டு கவுன்டித் தரவை வைத்து 2016இல் புரோபப்ளிகா என்ற செய்தி நிறுவனம் ஆராய்ந்தது. மதிப்பெண் போட்ட பிறகு குற்றமே செய்யாத கறுப்பினத்தவரில் ஏறத்தாழ 45 விழுக்காட்டினரை அது ஆபத்தானவர்கள் என்று குறித்திருந்தது. வெள்ளையரில் அது 23 விழுக்காடுதான். தயாரித்த நார்த்பாயின்ட் நிறுவனமோ, ஒரே மதிப்பெண் பெற்றவர்கள் எந்த இனமானாலும் ஏறத்தாழ ஒரே விகிதத்தில்தான் மறுபடி குற்றம் செய்கிறார்கள், ஆகவே கருவி கோடவில்லை என்றது. இரு தரப்புக் கணக்கும் சரி. இரண்டு குழுக்களின் அடிப்படை விகிதம், அதாவது மறுபடி குற்றம் செய்வோரின் விகிதம், வேறாக இருந்தால், கணிப்பு பிசகே இல்லாததாக இருந்தாலொழிய, தவறாகக் குறிக்கப்படுவோர் விகிதமும் சமமாக வேண்டும், ஒரே மதிப்பெண்ணுக்கு ஒரே பொருளும் வேண்டும் என்ற இந்த இரண்டு நிபந்தனைகளும் சேர்ந்து நிறைவேறாது என்று பின்னர் கணித முறையிலேயே காட்டினார்கள். ஆக, எது ஃபேர் என்பதே அங்கே வழக்கு.

வழக்காடக்கூடிய சொல் நம்மிடம் இருக்கிறது: நியாயம். “இது நியாயமா?” என்று யாரும் கேட்பார்கள். ‘நேர்மை’ மனிதருக்குப் பொருந்தும், மென்பொருளுக்கு ஏது நேர்மை? தனித்தமிழ் அன்பர்கள் ‘நயன்மை’ என்பார்கள். மறுப்பில்லை, ஆனால் ரேஷன் அட்டை வைத்திருக்கும் வீட்டுக்கெல்லாம் நியாய விலைக் கடை தெரியும். நியாய அளவுகோல் என்றால் விளக்கம் வேண்டாம்.

அப்புறம், கணினி இயங்குதளத்தில் எந்த நிரல் எப்போது ஓட வேண்டும் என்று முறைவைக்கும் ஃபேர் ஷெட்யூலர் (fair scheduler). 2007இல் லினக்ஸ் இயங்குதளத்தில் சேர்ந்த ‘கம்ப்ளீட்லி ஃபேர் ஷெட்யூலர்’ என்பதை ‘முழு நியாய...’ என்று தொடங்கினால் சிரிப்புதான் வரும். அங்கே நடப்பது செயலி நேரத்தைப் பங்கு போடுவது. ஆயக்கட்டில் முறைவைத்துத் தண்ணீர் விடுகிறோமே, அதே வேலை. ‘சமபங்கு முறைவைப்பான்’ என்று எழுதிப் பார்த்தேன். நீளம்தான், சுருக்கத் தெரிந்தவர்கள் சுருக்குங்கள்.

ஈக்விட்டிக்கு (equity) ‘சமநீதி’ என்று நம் பட்டியலில் இருப்பதை இப்போதைக்குத் தொட வேண்டாம். அதற்குத் தனி இழை தொடங்குவோம்.