வியன்னா மாநாட்டுக்கு முதல் தடவை போகிறேன், போஸ்டரோடு. எப்படித் தயாராவது?

கடைமடை எழுதியது:

வணக்கம். நிலத்தடி நீரில் பிஎச்டி மூன்றாம் ஆண்டில் இருக்கிறேன். நாகப்பட்டினம் கடலோரத்தில் 22 கிணறுகளில் இரண்டு வருடமாக உப்பும் நீர்மட்டமும் அளந்து வருகிறேன். ஐரோப்பியப் புவி அறிவியல் ஒன்றியம் ஏப்ரலில் வியன்னாவில் நடத்தும் இஜியு கூட்டத்துக்கு அப்ஸ்ட்ராக்ட் அனுப்பியிருந்தேன். போஸ்டராக எடுத்துக்கொண்டார்கள்.

பயணச் செலவில் பாதிக்கு மேல் உதவித்தொகை கிடைத்துவிட்டது. மீதி அப்பா கொடுத்த பணம். அதனாலேயே பயமாக இருக்கிறது. திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து நாள். நிகழ்ச்சி நிரலைத் திறந்தால் ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமர்வுகள், எதைப் பார்ப்பது, எதை விடுவது என்றே புரியவில்லை. முன்பு ஒரு தேசியக் கருத்தரங்குக்குப் போனேன். முன்வரிசையில் பேராசிரியர்கள், பின்வரிசையில் நாங்கள். மத்தியானச் சாப்பாடு, சாயங்காலம் சான்றிதழ், அப்புறம் பஸ். வெளி ஆள் ஒருவரிடமும் பேசவில்லை. வியன்னாவும் அப்படி ஆகிவிடக் கூடாது.

ஆங்கிலம் படிப்பேன், எழுதுவேன். ஆனால் யாராவது சட்டென்று கேள்வி கேட்டால் வாய் கட்டிக்கொள்ளும். போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

ஊற்றுக்கண் எழுதியது:

வாழ்த்துகள். நானும் டெல்டா நிலத்தடி நீரில் பிஎச்டி செய்தவள்தான். மூன்று தடவை போயிருக்கிறேன். முதல் தடவை நீங்கள் பயப்படுகிற மாதிரியேதான் திரும்பி வந்தேன். அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் துறையில் போஸ்டர் என்றால் ஏ0 அளவு, நெட்டுவாக்கில். அதுதான் பழக்கம். மாநாட்டின் குறிப்புகளைப் படிக்காமல் அப்படியே அச்சடித்து, உருளையில் சுருட்டித் தோளில் மாட்டிக்கொண்டு போனேன். அங்கே பலகை குறுக்குவாக்கில் இருந்தது. அகலம் 197 செ.மீ., உயரம் 100 செ.மீ. ஏ0 தாளின் உயரமோ 118.9 செ.மீ. அடியில் 19 செ.மீ. தாள் பலகையை விட்டுத் தொங்கியது. என் முக்கியமான வரைபடம் அந்த இடத்தில்தான் இருந்தது. வந்தவர்கள் குனிந்து, ஒரு கையால் தாளை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு படித்தார்கள்.

ஆனால் எனக்குப் பெரிய இழப்பு அது இல்லை. ஒரு பெரியவர் வந்து நின்றார். மனப்பாடம் செய்திருந்த மூன்று நிமிடப் பேச்சைத் தொடங்கினேன். நடுவில் அவர் ஒரு கிணற்றின் கோட்டில் விரலை வைத்தார். பார்த்தும் நான் நிறுத்தவில்லை. முடித்த பிறகு கேட்டார்: "ஜூன் கடைசியில் மட்டம் ஏறுகிறதே, அப்போது அங்கே பெரிய மழை கிடையாதே, ஏன்?" மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12-ல் திறப்பார்கள், தண்ணீர் கடைமடை வந்து சேர்ந்து வாய்க்காலில் இருந்து மண்ணுக்குள் ஊறுகிறது என்றேன். "ஊறுவதாலா? இல்லை, வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது என்று எல்லோரும் மோட்டாரை நிறுத்துவதாலா?"

எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லவும் கூச்சம். ஊறுவதைப் பற்றியே மறுபடி ஏதோ சொன்னேன். அவர் தலையசைத்துவிட்டு அடுத்த பலகைக்குப் போய்விட்டார். கழுத்தில் தொங்கிய அட்டையை நான் பார்க்கவில்லை, பெயர் கேட்கவில்லை. இன்றுவரை அவர் யாரென்று தெரியாது. ஊருக்கு வந்த பிறகு அந்த ஒரு கேள்வியால் என் ஆய்வேட்டில் ஒரு அத்தியாயத்தையே திருப்பி எழுத வேண்டியிருந்தது. அவரோடு இன்னும் பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தால் எனக்கு ஒரு வருடம் மிச்சமாகியிருக்கும். அதை நினைத்தால் இப்போதும் வருத்தமாக இருக்கிறது.

நீங்கள் அங்கே போவதே அந்தப் பத்து நிமிடத்துக்குத்தான். உரைகளின் சுருக்கம் எல்லாம் இணையத்தில் கிடைக்கும், ஊரில் உட்கார்ந்து படிக்கலாம். உங்கள் கிணற்றின் கோட்டில் விரல் வைத்துக் கேட்கிற ஆளை மட்டும் ஊரில் இருந்து பிடிக்க முடியாது.

அதனால் நிரலை அமர்வு அமர்வாகப் பார்க்காதீர்கள், ஆள் ஆளாகப் பாருங்கள். கடல்நீர் உட்புகுதல், கடலோர நீர்த்தாங்கி என்று தேடினால் ஒரு முப்பது நாற்பது பெயர் வரும். அதில் நீங்கள் உண்மையிலேயே படித்து, பயன்படுத்தி, ஒரு இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கிற கட்டுரை யாருடையது? அப்படி மூன்று பேர் போதும். மூன்று வாரம் முன்னால் அவர்களுக்கு ஐந்து வரியில் மின்னஞ்சல் எழுதுங்கள். உங்கள் வேலையைப் பாராட்டுகிறேன், சந்திக்க ஆசை என்று எழுதினால் பதில் வராது. "உங்கள் கணினி மாதிரியில் கடல் பக்க எல்லையை இப்படி எடுத்திருக்கிறீர்கள், என் 22 கிணறுகளில் 5 அதற்கு ஒத்துவரவில்லை, வரைபடம் இணைத்திருக்கிறேன், காபி இடைவேளையில் பத்து நிமிடம் கிடைக்குமா" என்று எழுதுங்கள். இரண்டாம் தடவை நான் இப்படி நான்கு பேருக்கு எழுதினேன், இரண்டு பேர் வந்தார்கள். ஒருவரோடு இன்றும் சேர்ந்து வேலை செய்கிறேன்.

போஸ்டர் அருகே நீங்கள் நிற்க வேண்டிய நேரம் 1 மணி 45 நிமிடம். அப்போது பேச்சைத் தொடங்காதீர்கள். வருகிறவரிடம் முதலில், நீங்கள் எந்தப் பகுதியில் வேலை செய்கிறீர்கள் என்று கேளுங்கள். அவர் பதில் சொல்லும்போதே எந்த வரைபடத்தைக் காட்டலாம் என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். அப்புறம் இரண்டு வாக்கியம் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். மிச்சத்தை அவரே கேட்பார்.

ஆங்கிலம் பற்றி: அங்கே பாதிப் பேருக்கு மேல் ஆங்கிலம் தாய்மொழி இல்லை. இத்தாலிக்காரரும் சீனப் பெண்ணும் உங்களைப் போலவே வார்த்தை தேடிக்கொண்டு நிற்பார்கள். அட்டையில் செருகிய வெள்ளைத்தாளும் ஒரு பென்சிலும் வைத்துக்கொள்ளுங்கள். வாய் கட்டினால் கிணற்றின் குறுக்குவெட்டை வரையுங்கள். எனக்கு மிக நல்ல பேச்சு அமைந்ததெல்லாம் அப்படி வரைந்துகொண்டே பேசியபோதுதான். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டு, நீங்கள் எப்படிச் சரிபார்ப்பீர்கள் என்று திருப்பிக் கேளுங்கள். அதில் யாரும் உங்களைக் குறைத்து நினைக்க மாட்டார்கள்.

பீக்கோ என்று ஒரு வகை அமர்வு உண்டு. ஒவ்வொருவரும் இரண்டு நிமிடம் மேடையில் சொல்லிவிட்டு, பிறகு தொடுதிரை பக்கத்தில் நின்று விளக்குவார்கள். கூச்சப்படுகிறவர்களுக்கு இதுதான் நல்ல இடம். இரண்டு நிமிடத்தில் ஆளைத் தெரிந்துகொண்டு நேராகப் போய்க் கேட்கலாம். ஒவ்வொரு நாளும் ஒன்றாவது பாருங்கள்.

இரவு அறைக்கு வந்ததும் தூங்குவதற்கு முன் எழுதிவிடுங்கள்: யார், என்ன சொன்னார், நான் என்ன அனுப்புவதாகச் சொன்னேன். மூன்றாம் நாள் எல்லா முகமும் ஒன்றாகிவிடும்.

செம்மண் எழுதியது:

மேலே சொன்னது எல்லாம் சரி. நான் மலைச்சரிவு ஆராய்கிறவன், சோற்றுக் கவலையை மட்டும் சொல்கிறேன்.

ஷெங்கன் விசாவுக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். வழக்கமாக 15 நாள், சில சமயம் 45 நாள் வரை ஆகும். கட்டணம் 90 யூரோ, பயணக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். அழைப்புக் கடிதத்தில் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கிறதா என்று பாருங்கள். நம் இனிஷியல் அங்கேதான் வம்பு செய்யும்.

ஞாயிற்றுக்கிழமை போய் இறங்குவீர்கள் என்று நினைக்கிறேன். ஆஸ்திரியாவில் ஞாயிறு கடைகள் மூடியிருக்கும். ப்ராட்டர்ஷ்டெர்ன் ரயில் நிலையத்துக்குள் இருக்கிற சூப்பர் மார்க்கெட் திறந்திருக்கும், அங்கே ரொட்டி, தயிர், பழம் வாங்கிக்கொள்ளுங்கள். அங்கிருந்தே யு1 மெட்ரோவில் டானூப் ஆற்றைத் தாண்டினால் கைசர்ம்யூலன் நிலையம், மாநாட்டு மையம் நடக்கிற தூரம்தான். குழாய்த் தண்ணீரைத் தைரியமாகக் குடிக்கலாம். ஆல்ப்ஸ் ஊற்றுகளில் இருந்து 1873-ல் போட்ட குழாயில் இன்னும் வருகிறது. நீர்க்காரர் நீங்கள், ஒரு பாட்டில் பிடித்துக் குடித்துப் பார்க்காமல் வரக் கூடாது.

போஸ்டரைத் துணியில் அச்சடியுங்கள். மடித்து சட்டையோடு பெட்டியில் வைக்கலாம். உருளை வேண்டாம், விமானத்தில் மேலே வைக்க இடம் தேடி அலைய வேண்டும்.

பழைய போர்வெல் எழுதியது:

ஊற்றுக்கண் சொல்வதில் ஒன்றை ஒப்புக்கொள்ள மாட்டேன். உரைகளை அவ்வளவு லேசாக விடாதீர்கள். இஜியுவில் டார்சி பதக்கம் பெறுகிறவர் ஒரு உரை நிகழ்த்துவார். ஹென்றி டார்சி 1856-ல் டிஜோன் நகரின் தண்ணீர் வழங்கலைப் பற்றி எழுதிய நூலில்தான், நிலத்தடி நீர் மண்ணுக்குள் எப்படி ஓடும் என்று கணக்கிட நாம் தினமும் பயன்படுத்துகிற விதி வந்தது. அவர் பெயரால் பதக்கம் வாங்குகிறவர் முப்பது வருட வேலையைத் தொகுத்துச் சொல்வதைக் கேட்பது கட்டுரை படிப்பது போல ஆகாது. அப்புறம், ஒரு மத்தியானமாவது உங்களுக்குச் சம்பந்தமில்லாத துறைக்குப் போங்கள். நான் வேலையில் பயன்படுத்துகிற ஒரு அளவுமுறை, பனிப்பாறைக்காரர்கள் பேசியதைக் கேட்டு எடுத்துக்கொண்டது.

ஊற்றுக்கண் எழுதியது:

பதக்க உரையை ஒத்துக்கொள்கிறேன். அதை விடாதீர்கள். நான் சொன்னது, கட்டிடத்துக்குக் கட்டிடம் ஓடி நாளுக்கு இருபது பத்து-நிமிட உரை கேட்பதைத்தான்.

கடைமடை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பலகை அளவைப் பார்த்தேன், குறுக்குவாக்கில் மாற்றிவிட்டேன். மூன்று பேருக்கு எழுதினேன். ஒருவர் இன்று பதில் போட்டிருக்கிறார், புதன்கிழமை காலை இடைவேளையில் என் போஸ்டர் பக்கம் வருகிறாராம். கை நடுங்குகிறது.

இரண்டு கேள்வி. என் கைடும் வருகிறார். அவரை விட்டுவிட்டு நான் தனியாகப் பேசினால் தப்பாக நினைப்பாரோ?

இன்னொன்று, அக்கா, நீங்கள் சொன்ன மோட்டார் விஷயம். வாராவாரம் அளக்கப் போகும்போது, எப்போது மோட்டாரை நிறுத்தினீர்கள், எப்போது திரும்பப் போட்டீர்கள் என்று விவசாயிகளிடம் கேட்டு ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். 22 கிணற்றில் 17-க்கு இருக்கிறது. வாய்வார்த்தைதானே, அளவீடு இல்லையே என்று போஸ்டரில் சேர்க்கவில்லை. சேர்க்கலாமா?

ஊற்றுக்கண் எழுதியது:

தம்பி, முதலில் கைடு. மறைக்க வேண்டாம். இன்றைக்கே சொல்லிவிடுங்கள்: "சார், இவருக்கு எழுதினேன், புதன்கிழமை வருகிறார், நீங்களும் இருந்தால் நன்றாக இருக்கும். முதல் பத்து நிமிடம் நான் விளக்கிப் பழகுகிறேன் சார், தடுமாறினால் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்." இப்படிக் கேட்டால் கோபப்படுகிற கைடு குறைவு. கேட்காமல் செய்தால்தான் மனத்தாங்கல் வரும். அங்கே போன பிறகு அந்த ஆள் உங்களைப் பார்த்துக் கேட்பதற்கு உங்கள் கைடு பதில் சொன்னாலும் பரவாயில்லை, பென்சில் உங்கள் கையில் இருக்கட்டும்.

இப்போது அந்த நோட்டு. படித்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். விவசாய மின்சாரம் நம் ஊரில் இலவசம், பெரும்பாலும் மீட்டரும் கிடையாது. எந்த மோட்டார் எத்தனை மணி நேரம் ஓடியது என்று எந்த அலுவலகத்திலும் கணக்கு எடுக்க முடியாது. அந்தப் பெரியவருக்குப் பதில் சொல்ல நான் ஒரு வருடம் தேடியது இதைத்தான். கிடைக்காமல், ஊகமாக ஒரு எண் போட்டு அத்தியாயத்தை முடித்தேன். நீங்கள் கிணற்றடியில் நின்று, பெயர் தெரிந்த மனிதரிடம் கேட்டு, தேதியோடு எழுதியிருக்கிறீர்கள். உலகத்தில் வேறு யாரிடமும் இல்லாத தகவல் அது.

போஸ்டரின் நடுவில் வையுங்கள். நீர்மட்டக் கோட்டின் அடியில் ஒவ்வொரு கிணற்றுக்கும் மோட்டார் ஓடிய நாட்களை ஒரு பட்டையாகக் காட்டுங்கள், வாரத்துக்கு ஒரு தடவை விவசாயிகளைக் கேட்டு எழுதியது என்று தெளிவாகப் பக்கத்தில் போடுங்கள். வாய்க்காலுக்கு அருகில் உள்ள கிணறுகளையும் தள்ளி உள்ளவற்றையும் தனித்தனியாக அடுக்குங்கள். தள்ளி இருப்பவை மோட்டார் நின்ற வாரத்திலேயே ஏறியிருந்தால் அவர் கேட்டதுதான் சரி. அருகில் உள்ளவை மட்டும் ஏறியிருந்தால் நான் சொன்னது சரி.

நோட்டின் நான்கு பக்கத்தைப் படம் பிடித்து அந்த வெள்ளைத்தாள் அட்டையிலும் செருகிக்கொள்ளுங்கள், தமிழில் இருந்தால் இருக்கட்டும். அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் அந்த 17 கிணற்றின் வரைபடத்தை எனக்கு ஒரு தடவை அனுப்ப முடியுமா? ஜூன் கடைசி வாரத்தை நானும் பார்க்க வேண்டும்.