வெளிப்பாட்டுக் காவியோ, ஆக்கு காவியோ?

அண்ணை, எக்ஸ்பிரஷன் வெக்டருக்கு (ஒரு பரம்பரையலகைக் கலத்துக்க கொண்டுபோய் அதின்ர புரதத்தைச் செய்விக்கிற டிஎன்ஏக்கு) தமிழில வெளிப்பாட்டுக் காவி எண்டு போட்டிருக்கிறியள். நுளம்பை நோய்க்காவி எண்டு சொல்லிப் பழகின எங்களுக்குக் காவி எண்டது சுகமா விளங்கும், அதில பிரச்சினை இல்லை. எனக்கு இடிக்கிறது வெளிப்பாடுதான். மனித ஈஸ்திரஜன் வாங்கியை எடுங்கோ (வாங்கி எண்டது ஓமோனைப் பிடிக்கிற புரதம், ரிசெப்டர்; சென்னைப் பக்கத்து ஆக்கள் ஏற்பி எண்டுவினம், நான் வாங்கியை விடமாட்டன்), அது பெரும்பாலும் கலத்தின்ர கருவுக்குள்ளயே கிடக்கிறது. குளூக்கோகோட்டிகோயிட் வாங்கி குழியவுருவில நிண்டு ஓமோன் வந்து ஒட்டினாப்பிறகுதான் கருவுக்குள்ள போறது. இதுகள் ஒண்டும் வெளிய வாறேல்ல, ஆனா அந்தச் சொல்லைப் போட்ட உடன பிள்ளையள் "அப்ப வாங்கி கலத்துக்கு வெளிய சுரக்குமோ" எண்டு கேக்குதுகள், கேக்காம என்ன செய்யுங்கள்.

உந்தக் காவி ஒரு பிளாஸ்மிட், வட்டமான சின்ன டிஎன்ஏ; அதுக்கு ரெண்டு சீவியம். முதல் ஈ. கோலைக்குள்ள விட்டு, அம்பிசிலின் போட்டு, பிளாஸ்மிட் இருக்கிறபடியா அதைத் தாங்கிற பற்றீரியாவை மட்டும் வளத்துப் பிளாஸ்மிட்டைப் பெருக்கிறம். பேந்து அதைக் கழுவி எடுத்து ஹெக் 293 மாதிரி ஒரு முலையூட்டிக் கலத்துக்க விட்டா அங்க சிஎம்வி புரொமோட்டர் (பரம்பரையலகை வாசிக்கத் துடக்கிற டிஎன்ஏத் துண்டு, சிஎம்வி எண்ட வைரசின்ரது) வேலையைத் துடக்கி வாங்கிப் புரதம் உருவாகும், ஆனா பிளாஸ்மிட் தன்னைப் பெருக்காது, கலம் பிரியப் பிரியக் குறைஞ்சு கொண்டே போகும். நிலைச்சு நிக்க வேணுமெண்டா ஜி418 எண்ட மருந்தைப் போட்டு, நிறமூர்த்தத்தில பிளாஸ்மிட் செருகுப்பட்ட கலங்களைத்தான் தெரிஞ்செடுக்க வேணும். ஆனபடியா டிஎன்ஏயைப் பெருக்க மட்டும் பாவிக்கிற குளோனிங் வெக்டர் பெருக்கு காவி, இது ஆக்கு காவி. எழுதிக் குடுத்ததை அப்பிடியே ஆக்கும், பிழையையும் சேத்து. பிரெஞ்சு விஞ்ஞானி ஷம்போன்ர ஆக்கள் 1986 இல வெளியிட்ட ஈஸ்திரஜன் வாங்கியில 400ஆம் இடத்துக் கிளைசீன் எண்ட அமினோவமிலம் வலீனா மாறிக் கிடந்தது, ஓமோனைப் பிடிக்கிற தன்மையே மாறிப்போச்சு, 1989 இலதான் அதை எழுதிச்சினம்.

---

தங்கச்சி, ஆக்கு காவி கேக்க வடிவாத்தான் இருக்கு. ஆனா பெருக்கு, ஆக்கு எண்டு பிரிக்கிறது கொஸ்-7 கலத்தில நிக்காது. குரங்குச் சிறுநீரகத்தில இருந்து வந்த கலம் அது, எஸ்வி40 வைரசின்ர பெரிய டி அன்ரிஜன் எண்ட புரதம் அதுக்குள்ள இருக்கிறபடியா எஸ்வி40 டிஎன்ஏ பெருகத் துடங்கிற தொடக்கப் புள்ளி உள்ள பிளாஸ்மிட் எண்டா அங்கயும் பெருகும், புரதத்தையும் ஆக்கும். மற்றது, பரம்பரையலகு வெளிப்பாடு (ஜீன் எக்ஸ்பிரஷன்) எண்டு எத்தினையோ இடத்தில வேரூண்டிப் போச்சு, காவியில மட்டும் மாத்தினா பிள்ளையள் ரெண்டையும் வேற வேறயெண்டு நினைக்குங்கள். மாத்திறதெண்டா ரெண்டையும் மாத்துவம், அதுக்கு நான் ஓம்.

புரொமோட்டருக்கு ஊக்கி மட்டும் வேண்டாம், எங்கட இரசாயனத்தில அது கட்டலிஸ்ட். ஏவி எண்டு வைப்பமெண்டா ஏவல் சூனியம் எண்டு ஆரும் சிரிப்பினம், தொடக்கி எண்டா புரதம் துடங்கிற இடத்தைக் காட்டுற தொடக்கக் கோடனோட குழம்பும். எனக்கு இப்போதைக்கு ஏவிதான் பரவாயில்லை.