காட்ஸ்வோல்ட்ஸ் மாளிகைச் சுவருக்கு எந்தச் சுண்ணாம்பு?

வணக்கம். இங்கிலாந்தின் காட்ஸ்வோல்ட்ஸ் கிராமப்புறத்தில் ஒரு 17ஆம் நூற்றாண்டு மாளிகை, பாதுகாக்கப்பட்ட பழங்கட்டடங்களின் கிரேடு 2 பட்டியலில் இருப்பது. அதே வட்டாரத்துச் சேஸ்டில்டன் மாளிகையைப் போலச் சுண்ணாம்புக்கல் சுவர். கல் இடுக்குகளில் யாரோ எப்போதோ சிமெண்ட் அடைத்திருக்கிறார்கள். ஓதம் சாந்து வழியே வெளியேற முடியாமல் கல் வழியே வருகிறது. உப்புப் பூத்து, கல்லின் முகம் அப்பளமாய்ப் பொரிந்து உதிர்கிறது. சிமெண்ட் மட்டும் வரப்பு மாதிரி துருத்திக்கொண்டு நிற்கிறது!

இடுக்கின் அகலத்தைப்போல் இருமடங்கு ஆழத்துக்கு உளியால் சுரண்டி (கிரைண்டர் வேண்டாம், கல் விளிம்பு போய்விடும்), நனைத்து, 1 பங்கு சுண்ணாம்புக்கு 3 பங்கு பருமணல் கலந்து அடைத்து, ஈரச் சாக்கால் மூடுவதாகத் திட்டம். வெப்பம் 5 டிகிரிக்குக் கீழ் இறங்குமுன் முடிக்க வேண்டும்.

என்.எச்.எல். 2 (ஈரத்திலும் இறுகும் இயற்கைச் சுண்ணாம்பு; எண் கூடினால் கெட்டியும் கூடும்) போதுமா, நீற்றிய சுண்ணாம்பு விழுதுதான் சரியா? சாரல் அடிக்கும் மேற்குச் சுவரில் என்.எச்.எல். 3.5 போட்டவர்கள் உண்டா? கல்லைவிடக் கெட்டிப்பட்டுவிட்டதா?