பிரித்துப் பூட்டிய எஞ்சினும் முதல் பறப்பும்

ஓய்வு பெற்ற விமானப் பொறியாளர், குளுவாங்

பந்தய விமானம் என்றதும் எல்லாரும் கேட்பது, “எவ்வளவு வேகம் போகும்?” எஞ்சினைப் பிரித்துப் பூட்டிய பிறகு நடக்கும் முதல் பறப்பில் அந்தக் கேள்விக்கு இடமே கிடையாது. ஓடுபாதையின் தலைக்கு மேலேயே சுற்றிச் சுற்றி வந்து, மீட்டர்கள் காட்டும் எண்களை எழுதிக்கொண்டு இறங்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. கீழே நின்று பார்ப்பவருக்கு அலுப்புத் தட்டும்; தட்டத்தான் வேண்டும்.

நான் மலேசியாவில் குளுவாங் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவன். அப்பா ரப்பர் ஸ்டோரில் எஞ்சின் டிரைவர். சுபாங்கில் வேலை கற்றுக்கொண்டு, அப்புறம் இங்கிலாந்தில் பல வருடம் இருந்தேன். வேலை நாளில் பயணிகள் ஜெட், வாரக் கடைசியில் பழைய விமானம். இங்கிலாந்தில் கிங்ஸ் கப் என்ற விமானப் பந்தயம் 1922 முதல் நடக்கிறது. 1930களில் அதைப் போன்ற பந்தயங்களுக்காகவே சின்னச் சின்ன விமானங்கள் செய்தார்கள். நான் வேலை பார்த்தது அந்த வகையில் ஒன்று. மர உடம்பு, ஒரே இருக்கை, டி ஹாவிலண்ட் ஜிப்ஸி மேஜர் எஞ்சின். டைகர் மாத் பயிற்சி விமானத்தில் இருப்பதும் இதே எஞ்சின்தான். 4 சிலிண்டர், 6.1 லிட்டர், 2,350 சுற்றில் 130 குதிரைத்திறன். அவ்வளவு பெரிய எஞ்சினுக்கு அவ்வளவுதானா என்று மோட்டார் ஓட்டும் பையன்கள் சிரிப்பார்கள். விமானத்தை இழுக்கும் விசிறி (ப்ரொப்பெல்லர்) வேகமாகச் சுற்றினால் அதன் நுனி ஒலியின் வேகத்தை நெருங்கி, சக்தி வீணாகிவிடும். அதனால் மெதுவாகச் சுற்றி, நிறுத்தாமல் இழுக்கிற மாதிரி செய்த எஞ்சின் அது.

இதில் சிலிண்டர்கள் கீழ்நோக்கித் தொங்கும். விசிறி உயரத்தில் இருக்கும், விமானியின் பார்வையை எஞ்சின் மறைக்காது. ஆனால் நிறுத்தி வைத்த விமானத்தில் எண்ணெய் கசிந்து சிலிண்டருக்குள் இறங்கிவிடும். அதனால் ஸ்டார்ட் செய்வதற்கு முன் விசிறியைக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். எங்காவது இடித்தால் அதோடு நிறுத்திவிட வேண்டும். பலம் கொடுத்துச் சுற்றினாலோ அப்படியே ஸ்டார்ட் செய்தாலோ கனெக்டிங் ராட் வளைந்துவிடும். எண்ணெயை எந்தப் பிஸ்டனாலும் அமுக்க முடியாது.

பறப்பதற்கு முந்தின வேலைதான் பெரிது. வாலைத் தாழ்த்தி, மூக்கு மேலே ஏறுகிற நிலையில் வைத்து, பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டரின் வாயில் குழாயைக் கழற்றி, வாளியில் பெட்ரோலைப் பிடித்து நேரம் பார்ப்போம். டேங்கிலிருந்து தானாக இறங்கும் ஏற்பாடாக இருந்தால், முழு சக்திக்கு வேண்டியதைப் போல ஒன்றரை மடங்கு வர வேண்டும். பம்பு வைத்தது என்றால் கால் பங்கு கூடுதலாக வந்தால் போதும். தரையில் சமமாக நிற்கும்போது நன்றாக வருகிற பெட்ரோல், மூக்கைத் தூக்கியதும் சுருங்கிப்போவதை நான் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் நம் ஊர் மோட்டார் கடைப் போர்மென்கள் ஒத்துக்கொள்ளாத விஷயம் ஒன்று. பிஸ்டனைச் சுற்றிப் புது ரிங் போட்ட விமான எஞ்சினைத் தரையில் நிறுத்தி வைத்து மெதுவாக ஓட்டிப் பழக்கக் கூடாது. சிலிண்டர் சுவரில் குறுக்கும் நெடுக்குமாக நுண்ணிய கீறல் போட்டிருப்போம். ரிங் அதில் உரசி அமர வேண்டும் என்றால், எரியும் வாயுவின் அழுத்தம் ரிங்குக்குப் பின்னால் நின்று அதைச் சுவரோடு தள்ள வேண்டும். மெதுவாக ஓட்டினால் அந்த அழுத்தம் வராது. எண்ணெய்ப் படலம் கருகிக் கீறல்களை மூடி, சுவர் கண்ணாடி மாதிரி வழுக்கிவிடும். அப்புறம் அந்த எஞ்சின் ஆயுசு முழுக்க எண்ணெய் குடிக்கும். ஆகவே தரையில் சில நிமிடம் மட்டும். கசிவு பார்த்து, தீப்பொறி தரும் மேக்னெட்டோ இரண்டையும் பார்த்து அணைத்துவிட வேண்டும். நன்றாக ஆறிய பிறகு நேராக முழு திராட்டலில், அதாவது முழு சக்தியில், மேலே. பறக்கும்போதும் சக்தியை ரொம்பக் குறைக்காமல் வைத்திருக்க வேண்டும். எண்ணெயும் சேர்மானம் இல்லாத வெறும் மினரல் எண்ணெய்தான்.

அன்றைக்கு ஓட்டியது சொந்தக்காரரேதான். நரைத்த மனிதர், அவசரப்படாதவர். ஒரே இருக்கை என்பதால் நான் கூடப் போக முடியாது. காலையில் இரண்டு பேரும் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதினோம். எண்ணெய் அழுத்தம் சாதாரணமாக 40க்கு மேல் நிற்கும். 35க்குக் கீழே போனால் இறங்கிவிட வேண்டும். ஏன், எதற்கு என்று மேலே இருந்துகொண்டு யோசிக்கக் கூடாது. கிளம்பியதும் எஞ்சின் நின்றால் நேரே முன்னால் எது தெரிகிறதோ அங்கே இறங்க வேண்டும். உயரம் இல்லாமல் ஓடுபாதைக்குத் திரும்பப் பார்த்துத்தான் நிறையப் பேர் உயிரை விட்டிருக்கிறார்கள். முதலில் 3,000 அடி ஏற வேண்டும், விசிறி நின்றாலும் மிதந்து வந்து சேரும் தூரத்தைத் தாண்டக் கூடாது.

கிளம்பினார். ஜிப்ஸியின் விசிறி இடப்பக்கமாகச் சுற்றுவதால் விமானம் வலப்பக்கம் இழுக்கும். கொஞ்சம் இழுத்தது, நேராக்கிக்கொண்டார். எனக்குக் கீழே காது மட்டும்தான் வேலை. சத்தம் சுத்தமாக இருந்தது. இரண்டு மூன்று வட்டம் போனதும் திராட்டலைக் குறைத்து இறங்கி வந்தார். சத்தத்தில் குறை எதுவும் கேட்கவில்லையே, ஏன் இறங்குகிறார் என்று நினைத்தேன்.

தாளைக் காட்டினார். 44, 42, 39, 36, 34. எண்ணெய் சூடேறச் சூடேற அழுத்தம் இறங்கியிருக்கிறது. சூட்டில் எண்ணெய் இளகும், கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். ஆனால் ஒரு இடத்தில் நிற்க வேண்டும், இது நிற்கவில்லை. முதலில் மீட்டரைச் சந்தேகப்பட்டோம். சரி பார்த்த வேறு மீட்டரை மாட்டி ஓட்டினால் அதுவும் அதையே சொன்னது. அழுத்தம் மிஞ்சினால் எண்ணெயைத் திருப்பிவிடும் ரிலீஃப் வால்வைக் கழற்றினோம். உட்காரும் இடத்தில் கேஸ்கெட் பசையின் துணுக்கு ஒன்று, நகக்கண்ணில் ஒட்டும் அளவு. வால்வு முழுதாக மூடாமல் எண்ணெய் திரும்பி டேங்குக்கே போய்க்கொண்டிருந்தது. சுத்தம் செய்து, வடிகட்டியைத் திறந்து, பேரிங் உலோகச் செதில் எதுவும் இல்லை என்று பார்த்த பிறகு மறுபடி போனார். 41இல் நின்றது.

எஞ்சின் நன்றாகத்தானே ஓடுகிறது, இன்னும் ஒரு வட்டம் பார்க்கலாம் என்று அவர் நினைத்திருக்கலாம். நானாக இருந்தால் நினைத்திருப்பேன் என்றுதான் தோன்றுகிறது. 34 என்பது உடனே உடைகிற எண் அல்ல. ஆனால் காலையில் எழுதிய தாளோடு மேலே போய் வாதாட அவர் தயாராக இல்லை. நல்ல சோதனை விமானி என்று நான் சொல்வது அந்த மாதிரி ஆளைத்தான். தலைகீழாகப் பறந்து காட்டுகிறவரை அல்ல.

மோட்டார் கடை, ரயில் ஸ்டேஷன் பக்கம்

ஐயா, படித்தேன். ஆனால் என் கடைக்கு வருகிற பையனிடம் “புது ரிங், முறுக்கி ஓட்டு” என்று சொன்னால் மறுநாளே எஞ்சின் இறுகி ஜாம் ஆகி, லோரியில் தூக்கிக்கொண்டு வருவான். நீங்கள் சொல்வது ஃபோர் ஸ்ட்ரோக். எங்கள் கதை டூ ஸ்ட்ரோக் என்ற வேறு வகை எஞ்சின்.

பழைய ரேஸ் மோட்டார் சைக்கிள், யமஹா ஆர்எக்ஸ்-இசட் ஒன்று செய்தேன். காற்றில் ஆறும் எஞ்சின், 133 சிசி. சிலிண்டர் துளையைக் கடையும் ‘போர்’ வேலை வெளிக்கடையில் போட்டு வந்தது. சோதித்துப் பார்க்கத் தோட்டத்து ரோடுதான். பெரிய ரோட்டில் போலீஸ், தோட்டத்தில் செம்பனைக் குலை ஏற்றிய லோரி, இரண்டில் லோரியே மேல். ஓட்டும்போது இடது கையின் இரண்டு விரல் எப்போதும் கிளட்ச் மேலேயே இருக்கும். என் குருநாதர் சீனக் கிழவர் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் அதுதான். மேட்டில் ஏற்றி மூன்றாவது கியரில் கொஞ்சம் திறந்தேன். சத்தம் சட்டென்று கம்மி, பின்சக்கரம் இழுக்கப் பார்த்தது. அந்த நொடியில் கிளட்ச். இல்லையென்றால் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு நான் சாக்கடையில் கிடந்திருப்பேன். மண்டோர் ஒருவர் டிரக்டரில் கட்டி இழுத்து வந்து விட்டார், காசு வாங்க மாட்டேன் என்றார்.

பிரித்தால் பிஸ்டனில் நான்கு மூலையிலும் தேய்ந்த தழும்பு. பிஸ்டன் சீக்கிரம் சூடாகி விரிந்துவிட்டது, சிலிண்டர் அவ்வளவு வேகத்தில் விரியவில்லை, போரில் இடைவெளி போதவில்லை. எண்ணெய்க் குறைவால் பிடித்திருந்தால் தழும்பு வேறு மாதிரி, பெரும்பாலும் எக்சாஸ்ட் பக்கம் மொத்தமாக இழுத்திருக்கும். பிஸ்டனைப் பார்த்தாலே யார் மேல் குற்றம் என்று தெரியும். போர் போட்ட கடையில் காட்டினேன், இன்னொரு தடவை இலவசமாகப் போட்டுத் தருகிறோம் என்றார்கள். நான் வேறு கடைக்குப் போய்விட்டேன்.

ஒரு கேள்வி ஐயா. ரிங் அமர்ந்துவிட்டது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?

முன்னாள் ராணுவ டெக்னீஷியன், கெம் மக்கோத்தா

நான் ராணுவ விமானப் பிரிவில் அலுவெட் 3 ஹெலிகாப்டரில் வேலை பார்த்தவன். டர்பைன் எஞ்சின், ரிங் கிங் எதுவும் கிடையாது. எங்கள் குழுவில் ஒரு வழக்கம் இருந்தது: வேலை செய்தவன் சோதனைப் பறப்பில் கூட ஏற வேண்டும். ஐயா சொன்ன ஒற்றை இருக்கைக்கு அது நடக்காது. நமக்கு அது பெரிய மருந்து. ஏறப்போகிறவன் நட்டை இறுக்கும்போது இரண்டு தடவை பார்ப்பான், நானே பார்த்திருக்கிறேன். முதலில் தரையை விட்டு ஓர் ஆள் உயரத்தில் நிறுத்தி, அதிர்வு பார்த்து, இறக்கி, அப்புறம்தான் மேலே. ஹெலிகாப்டர்காரனுக்கு இந்த வசதி இருக்கிறது. விமானத்துக்குக் கொஞ்சமாகப் பறந்து பார்க்க வழி இல்லையே, பாவம்.

விமானப் பொறியியல் மாணவி, ரெங்கம்

ஐயா, நான் இங்கிலாந்தில் கிரான்ஃபீல்டில் படித்தபோது பக்கத்தில் இருக்கும் ஓல்ட் வார்டன் விமானத் திடலுக்குப் போனேன். அங்கே பழைய விமானங்களின் ஷட்டில்வொர்த் தொகுப்பில் சிவப்பு நிற டி.எச். 88 காமெட் இருக்கிறது. 1934 அக்டோபரில் இங்கிலாந்தின் மில்டன்ஹாலிலிருந்து ஆஸ்திரேலியாவின் மெல்பர்னுக்கு நடந்த பந்தயத்தில் ஸ்காட், கேம்பெல் பிளாக் இருவரும் ஜெயித்த அதே விமானம். கிட்டத்தட்ட 71 மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தார்கள். வழியில் சிங்கப்பூரில் இறங்கினார்கள். இரண்டாவதாக வந்த கேஎல்எம் கம்பெனியின் டிசி-2 பயணிகள் விமானம் நம் நாட்டு அலோர் ஸ்டாரிலும் இறங்கிப் போனது. நம் ஊருக்கும் அதில் பங்கு உண்டு என்று அப்பாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். “அப்பவும் தோட்டத்தில பால் மரம்தான் வெட்டிட்டிருந்தோம்” என்றார்.

மீட்டரைச் சந்தேகப்பட்டோம் என்று எழுதியிருந்தீர்கள். ஸ்காட்டுக்கும் அதேதான். பந்தயத்தின் பின்பகுதியில் ஒரு எஞ்சினின் எண்ணெய் அழுத்தம் குறைவதாக மீட்டர் காட்டி, அந்த எஞ்சினைத் தணித்து வைத்தே ஓட்டினார்கள். கடைசியில் பார்த்தால் மீட்டர்தான் பொய் சொல்லியிருக்கிறது.

இன்னொன்று எனக்கு ரொம்பப் பிடித்தது. காமெட்டின் விசிறி இலைகளுக்கு இரண்டே கோணம். கிளம்பும் கோணத்துக்குக் கொண்டுவர சைக்கிள் பம்பால் காற்று அடிப்பார்கள்! வேகம் வந்ததும் காற்று தானாக வெளியேறி விசிறி பயணக் கோணத்துக்கு மாறிவிடும். மறுபடி பழைய கோணம் வேண்டும் என்றால் தரைக்கு வந்து பம்பு எடுக்க வேண்டும். இறங்கப்போய் வேண்டாம் என்று மறுபடி ஏற நினைத்தால் பாடுதான். 2002இல் தரை இறங்கும் சக்கரம் மடங்கிச் சேதமாகி, 2014இல்தான் அது மறுபடி பறந்தது.

எனக்கும் ஒரு கேள்வி. கார்புரேட்டரில் ஐஸ் கட்டுவது என்று பாடத்தில் படித்தோம். நம் ஊர்ச் சூட்டில் அதெல்லாம் உண்டா?

ஓய்வு பெற்ற விமானப் பொறியாளர்

உண்டு அம்மா. பெட்ரோல் ஆவியாகும்போதும் காற்று குறுகலான கழுத்தில் நுழையும்போதும் சூடு 20 டிகிரிக்கு மேலேயே இறங்கலாம். வெளியே 25 டிகிரி, மழை பெய்து ஓய்ந்த காற்று என்றால் உள்ளே ஐஸ் கட்டப் போதும். முக்கியமாகத் திராட்டலை மூடி இறங்கும்போது. குளிர் நாட்டு வறண்ட காற்றைவிட நம் ஊர் ஈரக் காற்று இதில் மோசம். சுற்று மெல்லக் குறையும், எஞ்சின் இருமும். சூடான காற்றுக் கைப்பிடியை இழுத்தால் முதலில் இன்னும் மோசமாகும், உருகின தண்ணீரைக் குடிக்கிறதே. பயந்து தள்ளிவிடக் கூடாது. புதிதாகப் பூட்டிய எஞ்சினில் இது வந்தால் எல்லாரும் பொறியாளரைத்தான் திட்டுவார்கள்.

தம்பி கேட்டதற்கு: டூ ஸ்ட்ரோக்கில் நீங்கள் சொல்வதே சரி, அதற்குத் தனி வழி. எங்களுக்கு ரிங் அமர்ந்ததைக் காட்டுவது எண்ணெய்க் கணக்குதான். ஒவ்வொரு பறப்புக்கும் எத்தனை மணி நேரம், எவ்வளவு ஊற்றினோம் என்று எழுதுவோம். ஆரம்பத்தில் நிறையக் குடிக்கும், அப்புறம் குறைந்து ஒரே அளவில் நிற்கும். சிலிண்டர் சூடும் கூடவே இறங்கும். இரண்டும் நின்றால் அமர்ந்துவிட்டது என்று பொருள். 50 மணி நேரம் ஆகியும் நிற்கவில்லை என்றால் மறுபடி சிலிண்டரைக் கழற்றத்தான் வேண்டும்.

முதல் பறப்பு முடிந்த அன்றைக்கு எஞ்சின் ஆறியதும் சிலிண்டர் தலை நட்டுகளை மறுபடி இறுக்கிப் பார்த்து, வால்வு இடைவெளியும் பார்த்தேன். சாயங்காலம் முழுக்க அதில் போனது. விமானி அதற்குள் நண்பர்களோடு பீர் குடிக்கப் போய்விட்டார்.