வர்ணம் ஆடும்போது உணர்வதைப் பேச வைப்பது எப்படி? உதவி தேவை

பரதநாட்டியக் கலைஞர்கள் வர்ணம் (தாள நடனமும் பாவமும் கலந்த நீண்ட உருப்படி) ஆடும்போது உள்ளுக்குள் என்ன உணர்கிறார்கள் என்று பண்புசார் ஆய்வு திட்டமிடுகிறோம். சென்னை, மார்கழி சீசன். 8 பேர், தலா ஒரு மணி நேர நேர்காணல்.

முன்னோட்டத்திலேயே சிக்கல். வீடியோவைப் போட்டதும் ஆடியவரே விமர்சகராகிவிடுகிறார்: "அரைமண்டி ஏறிடுச்சு, தீர்மானத்துல கை தொங்குது" (அரைமண்டி: முழங்கால் மடக்கி நிற்கும் நிலை; தீர்மானம்: தாளக்கோர்வையை முடிக்கும் அடவுகள்). சஞ்சாரியில் (பாட்டின் ஒரு வரியைப் பாவத்தால் விரித்துக் காட்டும் பகுதி) மனசு எங்கே இருந்தது என்றால் பதிலில்லை. நிகழ்ச்சி முடிந்த கையோடு கேட்டால் களைப்பு. மறுநாள் கேட்டால் பாட்டுக்குப் பொருள் சொல்கிறார்கள். "ஏன்" என்பதை விட்டு "எப்படி" என்று கேட்டதில் காரணம் அடுக்குவது மட்டும் குறைந்தது. படமில்லாமல் ஒலிப்பதிவைப் போட்டபோது, நட்டுவாங்கச் சொற்கட்டு (தாளம் தட்டிச் சொல்லும் ஜதிச் சொற்கள்) வந்ததும் ஒருவருக்குக் கால் தானாகத் தட்டியது, பேச்சும் உடம்புக்குள் போனது. அபிநயத்தில் (முகபாவத்தாலும் கைமுத்திரையாலும் பொருள் காட்டும் பகுதியில்) அது எடுபடவில்லை.

சஞ்சாரிப் பகுதியை நினைவில் மீட்க, வீடியோவுக்குப் பதிலாக எதை வைத்துக் கேட்கலாம்?