ஒரே கிரேனுக்குப் பல குழுக்கள் சைகை தரும்போது இயக்குபவர் யாருக்குக் கட்டுப்பட வேண்டும்?

கேள்வி: தள மேற்பார்வையாளர்

பல ஒப்பந்தக் குழுக்கள் ஒரே நேரத்தில் வேலை செய்யும் கட்டுமானத் தளம் ஒன்றின் மேற்பார்வைப் பொறுப்பில் இருக்கிறேன். அங்கே ஒரு டவர் கிரேன் நிலையாக நிற்கிறது. கனமான பாகங்கள் வரும் நாட்களில் அதன் வீச்செல்லைக்குள்ளேயே ஒரு நகரும் கிரேனும் வந்து நிற்கும். கம்பி கட்டுவோர், காங்கிரீட் வார்ப்பதற்கான பலகைகளை அமைக்கும் ஷட்டரிங் குழுவினர், இரும்புச் சட்டங்களைப் பொருத்துவோர் என மூன்று தரப்பினரும் டவர் கிரேனைப் பகிர்ந்துகொள்கின்றனர். ஒவ்வொரு தரப்பும் தனக்கென ஒரு சிக்னல்மேனை வைத்திருக்கிறது. ஒருவர் கையால் சைகை காட்டுகிறார், இன்னொருவர் வாக்கி டாக்கியில் பேசுகிறார், மூன்றாமவர் இரண்டையும் ஒருசேரச் செய்கிறார்.

அண்மையில் ஷட்டர் பலகைக் கட்டு ஒன்று அந்தரத்தில் இருந்தபோது, இறக்கும் இடத்தில் நின்றவர் ‘நிறுத்து’ என்றும், ஏற்றிவிட்ட இடத்தில் நின்றவர் ‘இன்னும் கொஞ்சம் போகட்டும்’ என்றும் ஒரே அலைவரிசையில் சொன்னார்கள். இயக்குபவர் நிறுத்திவிட்டதால் யாருக்கும் அடிபடவில்லை. ஆனால் அவர் நிறுத்தியது சரியா, வேலையைத் தாமதப்படுத்தியதா என்று கீழே வாக்குவாதம் எழுந்தது.

அனுபவம் உள்ளவர்களிடம் நான் கேட்க விரும்புவது இதுதான். ஒரே கிரேனுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட சிக்னல்மேன்கள் இருக்கலாமா? இருந்தால் யாருடைய சொல் செல்லும்? தூக்கிக்கொண்டிருக்கும்போதே வாக்கி டாக்கி இணைப்பு அறுந்தால் இயக்குபவர் என்ன செய்ய வேண்டும்? வெவ்வேறு இடங்களில் பயிற்சி பெற்றவர்கள் ‘நிறுத்து’ என்பதற்கே வெவ்வேறு சைகைகளைக் காட்டுவதை எப்படிச் சரிசெய்வது?

மறுமொழி: டவர் கிரேன் இயக்குபவர்

ஐயா, உங்கள் இயக்குபவர் செய்தது முற்றிலும் சரி. இரண்டு கட்டளைகள் முரண்பட்டால் அவற்றுள் எது சரியானது என்று ஆராயும் வேலை கேபினில் இருப்பவருடையது அல்ல. அந்த உயரத்திலிருந்து எனக்குத் தெரிவதெல்லாம் ஹெல்மெட்டுகளின் உச்சிதான். சுமைக்கும் தளத்துக்கும் இடையே ஒரு சாண் இருக்கிறதா, ஒரு முழம் இருக்கிறதா என்பதுகூட மேலிருந்து நேராகப் பார்க்கும் கண்ணுக்குப் புலப்படாது. ஆகவே கீழே இருப்பவரின் கண்ணைத்தான் நான் கடன் வாங்குகிறேன், ஒரே நேரத்தில் இருவரிடம் அதை வாங்க முடியாது.

ஒரு கிரேனுக்குப் பல சிக்னல்மேன்கள் இருக்கலாம். ஆனால் ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே சைகை தர வேண்டும். இதற்கு ஒரேயொரு விலக்கு உண்டு: ஆபத்தைக் காணும் எவரும், அவர் துப்புரவுப் பணியாளராக இருந்தாலும், ‘நிறுத்து’ என்ற சைகையைக் காட்டலாம், நான் அதற்குக் கட்டுப்பட்டே ஆக வேண்டும். உங்கள் தளத்தில் ‘நிறுத்து’ என்றவர் அப்போதைய சிக்னல்மேனா இல்லையா என்ற கேள்வியே அதனால் எழ வேண்டியதில்லை. மீண்டும் இயக்குவதற்கான கட்டளையை மட்டும் பொறுப்பிலுள்ள சிக்னல்மேன்தான் தர வேண்டும்.

வாக்கி டாக்கியில் பேசும் முறையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் என் பார்வையில் குழப்பத்தின் பெரும்பகுதி அங்கேதான் பிறக்கிறது. ‘கொஞ்சம் இறக்கு’, ‘இந்தப் பக்கம் வா’ என்பவை கட்டளைகளே அல்ல. எந்த இயக்கம், எந்தத் திசை என்பது முதலில் வர வேண்டும். எவ்வளவு தூரம் அல்லது எவ்வளவு வேகம் என்பது அடுத்து வர வேண்டும். இறுதியில் அதே இயக்கத்தின் பெயருடன் ‘நிறுத்து’ வர வேண்டும். எடுத்துக்காட்டாக, ‘கொக்கி கீழே, மூன்று மீட்டர், இரண்டு, ஒன்று, அரை, கொக்கி நிறுத்து’ என்று சொன்னால் எனக்கு ஐயம் ஏதும் இருக்காது. இடம், வலம் என்பவை எப்போதும் என் இடமும் வலமுமாகவே இருக்க வேண்டும். கீழிருந்து என்னை நோக்கி நிற்பவர் தம் வலத்தைச் சொன்னால் சுமை எதிர்த்திசையில் போய்விடும்.

அந்தத் தூர எண்ணிக்கையை இடைவிடாமல் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. ‘மூன்று, இரண்டு’ என்று வந்துகொண்டிருந்த குரல் திடீரென நின்றால், மின்கலம் தீர்ந்ததா, குறுக்கே யாரேனும் பேசினார்களா, சிக்னல்மேன் கால் தடுக்கி விழுந்தாரா என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. குரல் நின்றால் இயக்கம் நிற்கும். ‘ஒன்றும் சொல்லவில்லை, எனவே போகலாம்’ என்று எண்ணும் இயக்குபவரை எந்தத் தளமும் வைத்துக்கொள்ளக் கூடாது.

மற்றொன்று, பொத்தானை அழுத்திய உடனேயே பேசினால் முதல் அசை கருவியில் ஏறாமல் போகும். ‘மேலே வேண்டாம்’ என்பதில் முன்பாதியோ பின்பாதியோ விழுந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். அழுத்தி, ஒரு நொடி பொறுத்து, பிறகு பேசப் பழக்க வேண்டும். கட்டளைகளில் ‘வேண்டாம்’, ‘கூடாது’ போன்ற எதிர்மறைச் சொற்களை அறவே தவிர்த்துவிட வேண்டும்.

மறுமொழி: பாதுகாப்பு அலுவலர்

மேலே உள்ள மறுமொழியில் சொல்லப்பட்டவற்றுள் பல, எழுத்து வடிவ விதிகளாகவே உள்ளன. அமெரிக்காவின் தொழிலிடப் பாதுகாப்பு அமைப்பான ஓஷா 2010-இல் வெளியிட்ட கட்டுமானக் கிரேன் விதிகள், சுமை செல்லும் பாதையோ வைக்கும் இடமோ இயக்குபவரின் முழுப் பார்வையில் இல்லாதபோது சிக்னல்மேன் கட்டாயம் இருக்க வேண்டும் என்கின்றன. ஒரு நேரத்தில் ஒருவர் என்பதும், ‘நிறுத்து’ சைகையை எவரும் தரலாம் என்பதும், தொடர்பு அறுந்தால் அது மீளும்வரை பாதுகாப்பாக நிறுத்திவைக்க வேண்டும் என்பதும் அதே விதிகளில் உள்ளன. வாக்கி டாக்கி போன்ற வானொலிக் கருவிகளை வேலை தொடங்கும் முன் தளத்திலேயே சோதிக்க வேண்டும், பொதுவாக அவற்றுக்குத் தனி அலைவரிசை வேண்டும், இயக்குபவர் கைகளைப் பயன்படுத்தாமலேயே கேட்கும் வசதி வேண்டும் என்பவையும் அவற்றில் அடங்கும். உங்கள் நாட்டின் சட்டம் வேறாக இருந்தாலும், தள நடைமுறையை எழுதுவதற்கு இது நல்ல அடித்தளம்.

சைகைகள் வேறுபடுவது உங்கள் தளத்தின் கோளாறு மட்டும் அன்று. உலகில் ஒன்றுக்கு மேற்பட்ட முறைகள் புழக்கத்தில் உள்ளன. அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் (ஏ.எஸ்.எம்.இ.) பி30.5 என்ற கிரேன் தரத்தையும் ஓஷா விதிகளையும் பின்பற்றும் முறையில், ‘நிறுத்து’ என்பதற்கு ஒரு கையைப் பக்கவாட்டில் நீட்டி, உள்ளங்கை தரையை நோக்கியிருக்க, முன்னும் பின்னுமாக வீச வேண்டும். அவசர நிறுத்தத்துக்கு இரு கைகளையும் அவ்வாறே வீச வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 1992-ஆம் ஆண்டு ஆணையிலோ, வலக் கையை மேலே உயர்த்தி உள்ளங்கையை முன்னோக்கிக் காட்டுவது ‘நிறுத்து’. இரு கைகளையும் அவ்வாறு உயர்த்துவது அவசர நிறுத்தம். அதே ஆணையில், உயர்த்திய அந்த வலக் கையால் மெல்ல வட்டமிட்டால் அது ‘தூக்கு’ என்று பொருள்படும். அமெரிக்க முறையிலும் ‘தூக்கு’ என்பது முன்கையையும் சுட்டுவிரலையும் மேல்நோக்கி வைத்து இடும் சிறு வட்டமே. தொலைவிலிருந்து, எதிர்வெயிலில், உயர்ந்து நிற்கும் ஒரு கை அசைகிறதா அசையாமல் இருக்கிறதா என்பதை நம்பியே ஒரு சுமை நகர்வது எவ்வளவு ஆபத்தானது என்பதை விளக்க வேண்டியதில்லை.

இன்னொரு பொறி கட்டைவிரல். கையைப் பக்கவாட்டில் நீட்டிக் கட்டைவிரலை மேலே காட்டினால், அமெரிக்க முறையில் நகரும் கிரேனின் பூமை, அதாவது அதன் நீண்ட கையை, உயர்த்து என்று பொருள். கட்டைவிரல் கீழே பார்த்தால் பூமைத் தாழ்த்து என்று பொருள். பூம் தாழும்போது சுமை கிரேனிலிருந்து விலகிச் செல்லும், ஆரம் கூடும், தூக்கும் திறன் குறையும்; எல்லைக்கு அருகில் வேலை செய்யும் கிரேன் அதனாலேயே கவிழக்கூடும். ‘எல்லாம் சரி’ என்று சொல்ல நாம் அன்றாடம் காட்டும் கட்டைவிரலைக் கிரேன் இருக்கும் இடத்தில் யாரும் காட்டக் கூடாது என்று நான் பணிபுரியும் தளங்களில் தடை விதித்திருக்கிறேன். சிலர் இதை மிகையான கண்டிப்பு என்கிறார்கள், சொல்லிவிட்டுப் போகட்டும்.

ஆகவே ஒரு முறையைத் தேர்ந்தெடுங்கள். எதைத் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்பதை உங்கள் சட்டம் நிர்ணயிக்கும். அதற்குப் பின் அது ஒன்றே தளத்தின் முறை. அதன் படவிளக்கத்தைக் கேபினுக்குள்ளும், ஏற்றும் இடத்திலும், இறக்கும் இடத்திலும் ஒட்டுங்கள். புதிதாக வரும் சிக்னல்மேனிடம் சான்றிதழ் இருப்பது போதாது. எழுத்தாலோ வாய்மொழியாலோ ஒரு தேர்வும், அந்தக் கிரேனின் முன்னால் செய்முறைத் தேர்வும் வைத்த பிறகே அவரை அனுமதியுங்கள். சுமை எப்படி ஆடும், கிரேன் எவ்வளவு மெதுவாக நிற்கும் என்பதை அறியாதவருக்குச் சைகைகள் மனப்பாடமாகத் தெரிந்திருந்தும் பயனில்லை.

மறுமொழி: ரிக்கர் (சுமையைக் கொக்கியில் கட்டுபவர்), சிக்னல்மேன்

கீழே நிற்பவரின் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சேர்க்கிறேன். சிக்னல்மேனாக நிற்பவர் அந்த நேரத்தில் வேறு எந்த வேலையும் செய்யக் கூடாது. சுமையைக் கட்டும் ஸ்லிங்கைச் சரிசெய்துகொண்டே ஒரு கையால் சைகை காட்டுபவரைப் பல தளங்களில் பார்க்கிறோம். அவர் சுமையையும் சரியாகப் பார்ப்பதில்லை, இயக்குபவருக்கும் சரியாகத் தெரிவதில்லை. நிற்கும் இடம் சுமையின் பாதைக்கு வெளியே, இயக்குபவரின் கண்ணுக்குப் படும்படியாக, பின்புலத்திலிருந்து பிரிந்து தெரியும் நிறச் சட்டையுடன் இருக்க வேண்டும். எல்லோரும் ஒரே நிற மேற்சட்டை அணிந்திருந்தால் சிக்னல்மேனுக்கு மட்டும் வேறு நிறம் கொடுங்கள். மூன்று குழுக்கள் உள்ள உங்கள் தளத்தில் அந்த மேற்சட்டை ஒன்றே ஒன்று இருந்து, அது கைமாறும்போது பொறுப்பும் மாறும் என்று வைத்தால் பாதி வாக்குவாதம் தானே அடங்கிவிடும்.

ஏற்றும் இடத்திலிருந்து இறக்கும் இடம் தெரியாதபோது இரண்டு சிக்னல்மேன்கள் தேவைதான். அப்போது கைமாற்றம் வாய்மொழியாக, இயக்குபவர் கேட்கும்படி நடக்க வேண்டும். கீழே இருப்பவர் ‘சுமையை மேல்தளத்திடம் ஒப்படைக்கிறேன்’ என்கிறார்; மேலே இருப்பவர் ‘மேல்தளம் ஏற்றுக்கொண்டேன்’ என்கிறார்; இயக்குபவர் ‘இனி மேல்தளம்’ என்று திருப்பிச் சொல்கிறார். இந்த மூன்றும் முடியும்வரை சுமை நகராது. முடிந்த பிறகு கீழே இருப்பவர், ஆபத்தைக் கண்டாலன்றி, வாய் திறப்பதில்லை. நீங்கள் விவரித்த நிகழ்வில் விடுபட்டது இதுதான் என்று நினைக்கிறேன்.

வாக்கி டாக்கியுடன் கைச்சைகையையும் சேர்த்துக் காட்டுவது நல்லது என்பது என் கருத்து, ஒன்று தவறினால் மற்றொன்று இருக்கும்.

மறுமொழி: டவர் கிரேன் இயக்குபவர்

கடைசி வரியில் மட்டும் நண்பருடன் உடன்படவில்லை. குரலும் கையும் ஒரே நொடியில் ஒன்றையே சொல்வது அரிது. வாய் ‘நிறுத்து’ என்னும்போது கை இன்னும் வட்டமிட்டுக்கொண்டிருக்கும். தூக்குவதற்கு முன்பே எந்த வழி என்று முடிவு செய்துகொண்டு அதிலேயே இருப்போம். நிறுத்தச் சைகை மட்டும் எந்த வழியிலும் வரலாம்.

கேள்வி கேட்டவர்: தள மேற்பார்வையாளர்

அனைவருக்கும் நன்றி. ஒற்றை மேற்சட்டையும் வாய்மொழிக் கைமாற்றமும் உடனே நடைமுறைக்கு வருகின்றன. எஞ்சியவை இரண்டு. நகரும் கிரேன் வரும் நாட்களில் இரு கிரேன்களுக்கும் ஒரே அலைவரிசை போதுமா? தொடர்பு அறுந்தால் நிறுத்துவது சரி. ஆனால் சுழன்றுகொண்டிருக்கும் கிரேனைச் சட்டென நிறுத்தினால் சுமை ஊசலாடாதா? நிறுத்திய பின் அந்தரத்தில் தொங்கும் சுமையை என்ன செய்வது? இயக்குபவர் அடிக்கடி நிறுத்துகிறார் என்று ஒப்பந்தக்காரர்கள் முறையிடும்போது நான் எதைக் காட்டி அவருக்குத் துணை நிற்பது?

மறுமொழி: பாதுகாப்பு அலுவலர்

முறையீட்டிலிருந்து தொடங்குகிறேன். பாதுகாப்பு குறித்து ஐயம் எழும் போதெல்லாம், தகுதியுள்ள ஒருவர் பார்த்து உறுதிசெய்யும்வரை சுமையைத் தூக்க மறுக்கும் அதிகாரம் இயக்குபவருக்கு உண்டு என்று ஓஷா விதி தெளிவாகவே சொல்கிறது. இதே வாசகத்தை உங்கள் ஒப்பந்தங்களில் ஒரு பிரிவாகச் சேர்த்துவிட்டால், வாக்குவாதம் இயக்குபவரிடம் போகாமல் உங்கள் மேசையோடு நின்றுவிடும். ‘நிறுத்து’ என்பதைத் தவிர, பொறுப்பிலுள்ள சிக்னல்மேன் அல்லாத எவரும், தள மேலாளர் உட்பட, நேரடியாக இயக்குபவரிடம் வாக்கி டாக்கியில் பேசக் கூடாது என்பதையும் அதிலேயே எழுதுங்கள்.

இரு கிரேன்களுக்கும் தனித்தனி அலைவரிசை கொடுங்கள். ஒரே சிக்னல்மேன் இரண்டுக்கும் கட்டளை தர நேர்ந்தால், ஒவ்வொரு கட்டளைக்கும் முன்னால் கிரேனின் பெயரைச் சொல்லியே ஆக வேண்டும். ஒன்றன் வீச்செல்லைக்குள் மற்றொன்று வேலை செய்வதைச் சைகைகளின் பொறுப்பில் மட்டும் விட்டுவிடாதீர்கள். எந்த நேரத்தில் எது எந்தப் பகுதிக்குள் வரலாம் என்பது காலையிலேயே முடிவாகி, இரு இயக்குபவர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

மறுமொழி: டவர் கிரேன் இயக்குபவர்

ஊசலாட்டம் பற்றிய உங்கள் ஐயம் நியாயமானது. குரல் அறுந்தால் நான் செய்வது பாதுகாப்பான நிறுத்தம்: தூக்குவதையும், கிரேனின் கிடைக் கையான ஜிப்பில் கொக்கியைத் தாங்கி ஓடும் டிராலியையும் உடனே நிறுத்துவேன், சுழற்சியைப் படிப்படியாகக் குறைத்து, சுமையின் ஆட்டத்தோடு ஜிப்பைச் சற்றே தொடரவிட்டு அடக்குவேன். அவசர நிறுத்தச் சைகை வந்தால் மட்டுமே, ஊசலாடினாலும் பரவாயில்லை என்று, அந்தக் கணமே எல்லாவற்றையும் நிறுத்துவேன்.

நின்ற பிறகு சுமை அங்கேயே தொங்கும். நான் கேபினை விட்டு இறங்க மாட்டேன், ஊகத்தில் கீழே இறக்கவும் மாட்டேன். கீழே உள்ளவர்கள் சுமையின் அடியிலிருந்து ஆட்களை விலக்கிவிட்டு மாற்றுக் கருவியைக் கொண்டுவர வேண்டும். ஆகவே, மின்னேற்றிய உதிரிக் கருவி ஒன்று எப்போதும் இரு முனைகளிலும் இருக்கட்டும். தொடர்பு மீண்டதும் விட்ட இடத்திலிருந்து தொடரக் கூடாது. சிக்னல்மேன் தம் இருப்பிடத்தையும் கிரேனின் பெயரையும் சொல்லி, நான் அதைத் திருப்பிச் சொல்லி, அவர் ‘சரி’ என்ற பின்னரே அடுத்த கட்டளை வரலாம். அதுவரை என் கை ஜாய்ஸ்டிக்கை அசைக்காது.