விருது விண்ணப்பம் வலுவாக வரவில்லை, அடுத்து பிரசன்டேஷனும் இருக்கிறது: உதவுங்கள்

நார்த்தூள் பொள்ளாச்சி:

வணக்கம். பொள்ளாச்சி பக்கத்தில் நானும் வீட்டுக்காரரும் தென்னை நார்த்தூள் யூனிட் நடத்துகிறோம். தூளைக் கழுவி, களத்தில் காயவைத்து, 5 கிலோ பிளாக்காக அழுத்தி ஏற்றுமதியாளர்களுக்குக் கொடுப்பது எங்கள் வேலை. இங்குள்ள தொழில் சங்கம் சிறுதொழில்களுக்கு ஒரு விருது தருகிறது. மாதக் கடைசிக்குள் விண்ணப்பம் போக வேண்டும். நான்கு கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 250 வார்த்தை. மதிப்பெண் புதுமைக்கு 20, விளைவுகளுக்கு 40, சுற்றுச்சூழலுக்கு 20, பணியாளர் நலனுக்கு 20. தேர்வானால் நடுவர்கள் முன்னால் 8 நிமிடம் பேசிவிட்டு 5 நிமிடம் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்.

முதல் கேள்விக்கு இப்படி எழுதியிருக்கிறேன்:

"தரத்தில் சமரசம் இல்லை என்ற கொள்கையோடு, நவீன தொழில்நுட்பத்தைப் பயன்படுத்தி, வாடிக்கையாளர் திருப்தியே குறிக்கோளாகக் கொண்டு எங்கள் நிறுவனம் செயல்பட்டு வருகிறது."

இதில் யார் பெயரைப் போட்டாலும் பொருந்தும் போலிருக்கிறது. இதை எப்படி மாற்றுவது?

பம்ப்செட் கோவை:

அம்மணி, இந்த மாதிரி விருதுகளுக்கு நடுவராக உட்கார்ந்திருக்கிறேன். ஒரு கட்டு விண்ணப்பத்தை ஒரே மூச்சில் படித்து மார்க் போட வேண்டியிருக்கும். "சமரசம் இல்லை" என்று எல்லோரும்தான் எழுதுகிறார்கள், அதற்கு எதை வைத்து மார்க் போடுவது? எழுதுவதை இப்போதைக்கு நிறுத்திவிட்டு இதைச் சொல்லுங்கள். பக்கத்து யூனிட் செய்யாத எதை நீங்கள் செய்கிறீர்கள்? இ.சி. (தூளில் எவ்வளவு உப்பு இருக்கிறது என்று காட்டும் மின்கடத்துத்திறன்) பார்த்து எழுதிவைக்கிற ரிஜிஸ்டர் இருக்கிறதா? தண்ணீர்க் கணக்கு இருக்கிறதா?

நார்த்தூள் பொள்ளாச்சி:

ரிஜிஸ்டர் இருக்கிறது சார். ஒவ்வொரு குவியலுக்கும் இ.சி. பார்த்து, தேதி போட்டு எழுதுவோம். முன்பெல்லாம் எல்லா அலசலுக்கும் போர்த் தண்ணீர்தான். அந்தத் தண்ணீரிலேயே உப்பு இருப்பதால் எவ்வளவு கழுவினாலும் இ.சி. 0.9-க்குக் கீழே இறங்காது. அப்புறம் மழைநீருக்கு ஒரு குட்டை வெட்டினோம். கடைசி அலசலுக்கு மட்டும் அந்த மழைநீர். அதில் வடிகிற தண்ணீரைத் தொட்டியில் பிடித்து, அடுத்த குவியலின் முதல் அலசலுக்கு விடுகிறோம். இப்போது இ.சி. 0.4, 0.5 என்று நிற்கிறது. ஒரு டன் தூளுக்கு 6,000 லிட்டர் போர்த் தண்ணீர் எடுத்துக்கொண்டிருந்தது, இப்போது 2,500 லிட்டர்தான். மீட்டர் போட்டிருக்கிறோம். இதையெல்லாம் எழுதலாமா? எங்கள் ஊரில் இதைப் பெரிய விஷயமாக யாரும் நினைக்க மாட்டார்கள்.

பம்ப்செட் கோவை:

இதைத்தான் எழுத வேண்டும்! இந்தப் பதிவில் நீங்கள் சொன்னதே முக்கால்வாசி விண்ணப்பம். நான் எழுதினால் இப்படி ஆரம்பிப்பேன்:

"எங்கள் போர்த் தண்ணீரிலேயே உப்பு இருப்பதால், கழுவிய நார்த்தூளின் இ.சி. 0.9-க்குக் கீழே இறங்கவில்லை. கடைசி அலசலுக்கு மழைநீர்க் குட்டையைப் பயன்படுத்தி, அதில் வடியும் நீரை அடுத்த குவியலின் முதல் அலசலுக்குத் திருப்பினோம். இன்று எங்கள் தூளின் இ.சி. 0.4 முதல் 0.5 வரை. டன்னுக்கு 6,000 லிட்டராக இருந்த போர்த் தண்ணீர் 2,500 லிட்டராகக் குறைந்தது (இணைப்பு 1: இ.சி. ரிஜிஸ்டர், இணைப்பு 2: மீட்டர் கணக்கு)."

உங்கள் பெயரை எடுத்துவிட்டு வேறு யார் பெயரையும் இதில் போட முடியாது. பிரச்சினை என்ன, செய்தது என்ன, கிடைத்தது என்ன, அதற்குச் சான்று எங்கே என்று நான்கும் வந்துவிட்டது. ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்திலேயே இணைப்பு எண் இருக்கட்டும். கடைசியில் மொத்தமாக நாற்பது பக்கம் சேர்த்தால் யாரும் புரட்டிப் பார்ப்பதில்லை.

தர ஆய்வு ஓசூர்:

குறுக்கே வருகிறேன், மன்னியுங்கள். விளைவுகளுக்கு 40 மார்க் என்பதைக் கவனியுங்கள். நிறுவனங்களின் தரத்துக்கு அமெரிக்கா தருகிற பால்ட்ரிஜ் விருதிலும் 1,000 மதிப்பெண்ணில் 450 விளைவுகளுக்கு என்றுதான் நெடுங்காலம் இருந்தது. அங்கே விளைவு என்றால் ஒற்றை எண் போதாது. இப்போது எந்த மட்டத்தில் இருக்கிறீர்கள், காலப்போக்கில் எந்தப் பக்கம் போகிறது, மற்றவர்களோடு ஒப்பிட்டால் எப்படி என்று மூன்றையும் பார்ப்பார்கள். உங்களிடம் முதல் இரண்டும் இருக்கிறது. மூன்றாவதற்கு, வாங்குபவர் உங்களிடம் கேட்கிற வரம்பையே எடுத்துக்கொள்ளலாம். அவர் ஆர்டரில் 0.5-க்குள் என்று இருந்தால் அந்தத் தாளை இணையுங்கள். பக்கத்து யூனிட்டைப் பெயர் சொல்லி ஒப்பிடாதீர்கள்.

இன்னொன்று, இ.சி. எந்த முறையில் பார்த்தீர்கள் என்று எழுதுங்கள். ஒரு பங்கு தூளுக்கு ஒன்றரைப் பங்கு தண்ணீர் விட்டுப் பார்த்தால் ஒரு அளவு காட்டும், ஐந்து பங்கு விட்டுப் பார்த்தால் அதே தூள் குறைத்துக் காட்டும். முன்பும் பின்பும் ஒரே முறையில் எடுத்ததா என்பதைத் துறை தெரிந்த நடுவர் கட்டாயம் கேட்பார். அதேபோல, நீங்கள் கழுவி மட்டும் கொடுத்தால் "கழுவியது" என்றே எழுதுங்கள். கால்சியம் நைட்ரேட்டில் ஊறவைத்து பஃபர் செய்வது (தூளில் ஒட்டியிருக்கும் சோடியம், பொட்டாசியத்தை வெளியேற்றுவது) வேறு வேலை.

நார்த்தூள் பொள்ளாச்சி:

ஒன்றுக்கு ஒன்றரை முறைதான் சார், ஆரம்பத்திலிருந்தே. இரண்டு சந்தேகம். பிரசன்டேஷனை ஆங்கிலத்தில் செய்தால்தான் மரியாதை என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். எனக்கு அவ்வளவு ஓட்டமாக வராது. அப்புறம், கடைசியில் மிஞ்சுகிற பழுப்புத் தண்ணீரை முழுதாகச் சுத்தம் செய்ய எங்களால் முடியவில்லை. தார்ப்பாய் விரித்த தொட்டியில் தேக்கி ஆவியாக விடுகிறோம். இதைச் சொல்வதா, விட்டுவிடுவதா?

திருப்பூர் மெர்ச்சண்டைசர்:

அக்கா, தமிழிலேயே பேசுங்கள். விதியில் ஆங்கிலம்தான் என்று இருந்தால் ஒழிய யாரும் குறை சொல்லப்போவதில்லை. ஸ்லைடில் எண்களும் படங்களும் இருந்தால் போதும். எட்டு நிமிடத்துக்கு ஏழெட்டு ஸ்லைடுக்கு மேல் தாங்காது. நிறுவனம் தொடங்கிய கதை, குடும்பப் படம், விளக்கேற்றிய படம் எல்லாம் முதல் மூன்று நிமிடத்தைத் தின்றுவிடும். முதல் ஸ்லைடிலேயே குட்டையும் தொட்டியும் தெரிகிற படத்தைப் போட்டு, தண்ணீர் எந்த வழியாக ஓடுகிறது என்று அம்புக்குறி வரைந்து காட்டுங்கள்.

பொருள் கொண்டுவர அனுமதி உண்டா என்று முன்கூட்டியே கேளுங்கள். உண்டென்றால் 650 கிராம் சின்ன பிரிக் ஒன்று, ஒளி ஊடுருவுகிற பெரிய டப், நான்கு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீர், இ.சி. மீட்டர், அளக்க ஒரு கப், இவ்வளவும் எடுத்துப் போங்கள். பேசத் தொடங்கும்போதே பிரிக்கைத் தண்ணீரில் போட்டுவிடுங்கள். கேள்வி நேரத்துக்குள் நன்றாகப் பொங்கி உதிர்ந்திருக்கும். உடைத்த தூளைத் தனியாக ஒன்றுக்கு ஒன்றரை முறையில் ஊறவைத்துக் கொண்டுபோய், அவர்கள் கண் முன்னாலேயே மீட்டரை வைத்துக் காட்டுங்கள். வீட்டில் ஒருமுறை கடிகாரம் வைத்துச் செய்துபாருங்கள், மீட்டரையும் அன்று காலையில் காலிபரேட் செய்துவிடுங்கள். அங்கே எண் தாறுமாறாகக் காட்டினால் எட்டு நிமிடமும் வீண்.

தர ஆய்வு ஓசூர்:

பழுப்புத் தண்ணீரைக் கட்டாயம் சொல்லுங்கள். சுற்றுச்சூழல் கேள்வியில் நீங்களே எழுதிவிட்டால் அது உங்கள் அடுத்த வேலை. எழுதாமல் விட்டு நடுவர் கேட்டால், மறைத்ததாக ஆகிவிடும். எவ்வளவு மிஞ்சுகிறது, எங்கே தேக்குகிறீர்கள், மழைக்காலத்தில் தொட்டி வழியாமல் இருக்க என்ன ஏற்பாடு என்பதற்குப் பதில் தயாராக இருக்கட்டும். மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதிச் சான்றின் நகலையும் இணையுங்கள்.

நேரில் பார்க்க வருவார்களா என்றும் விசாரியுங்கள். தர மேலாண்மைக்கு ஜப்பானில் தருகிற டெமிங் பரிசு போன்றவற்றில் நிபுணர்கள் ஆலைக்கே வந்து ஆய்வு செய்கிறார்கள். 1998-இல் சுந்தரம் கிளேட்டன் பிரேக் பிரிவு அந்தப் பரிசை வாங்கியது, இந்தியாவில் அதுதான் முதல். அந்த மாதிரி ஆய்வில் முதலாளியை விட மெஷினில் நிற்பவர் சொல்கிற பதிலுக்குத்தான் மதிப்பு. சங்க விருதாக இருந்தாலும், இ.சி. எழுதுகிறவர் யாரோ அவரையும் மேடைக்குக் கூட்டிப்போங்கள்.

நார்த்தூள் பொள்ளாச்சி:

எழுதுவது களத்தில் இருக்கும் ஒரு அக்காதான். கூட்டத்தைப் பார்த்தால் கூச்சப்படுவார்கள், ஆனால் மீட்டரைக் கையில் கொடுத்தால் சரளமாகச் சொல்வார்கள். மீட்டர் காட்டுகிற பகுதியை அவர்களே செய்யட்டும் என்று முடிவு செய்துவிட்டோம். பணியாளர் நலன் கேள்விக்கு என்ன எழுதுவது என்றுதான் குழம்பிக்கொண்டிருந்தேன், இவர்கள் கற்றுக்கொண்டதையே எழுதலாம் போலிருக்கிறது.

பம்ப்செட் கோவை:

அப்படியே எழுதுங்கள். தீபாவளி போனஸை எல்லோரும் எழுதுவார்கள். ஒரு களத் தொழிலாளி இ.சி. பார்க்கக் கற்று, அளவு தவறினால் குவியலை நிறுத்திவைக்கிற அதிகாரத்தோடு இருக்கிறார் என்றால், அதற்கு என் கை தானாகவே மார்க் போடும்.

அனுப்புவதற்கு முன் உத்யம் சான்றில் (குறு, சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் பதிவுச் சான்று) நீங்கள் குறு நிறுவனமா, சிறு நிறுவனமா என்று பாருங்கள். 2025 ஏப்ரல் 1 முதல் வரம்பு மாறியிருக்கிறது. இப்போது முதலீடு 2.5 கோடி, விற்றுமுதல் 10 கோடி வரை குறு. பழைய சான்றை வைத்து மேல் பிரிவில் போட்டால், உங்களை விடப் பல மடங்கு பெரியவர்களோடு நிற்க வேண்டியிருக்கும். பிடிஎஃப்-ஐக் கடைசி நாள் சாயங்காலம் ஏற்றாதீர்கள், முந்தின நாளே ஏற்றி, ஒப்புகை வந்ததா என்று பார்த்துவிடுங்கள்.